நின்ற இடத்தில் முன்னூறு கிலோமீட்டர்

மலைமேல் இருக்கிற சுப்பிரமணிய சுவாமி சாட்சி, பின்வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னாலும் தயார். ஒரு கற்பூரம் போதாது, இரண்டு வேண்டும் என்றால் அதற்கும் தயார். கூட்டியோ குறைத்தோ சொல்லும் பழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

பள்ளிப்பட்டு எழிலனிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. பழைய கார்தான். ஆனால் அதற்குள் அவன் பெரிய டர்போ ஒன்றை மாட்டியிருந்தான். புகைக்குழாயையும் மாற்றியிருந்தான், கனகம்மாசத்திரத்தில் கிளம்பினால் திருத்தணியில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். ஆனால் பெரிய டர்போ மாட்டினால் மட்டும் ஆகிவிடுமா? எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெயர் ட்யூனிங். ரோட்டில் வைத்துச் செய்தால் போலீஸ் பிடிக்கும், அல்லது புளியமரம் பிடிக்கும். அதனால் டைனோவில் ஏற்றுவார்கள்.

திருத்தணியில் டைனோ வைத்திருந்தவர் சமியுல்லா பாய். ஷெட்டின் தரையில் பள்ளம் வெட்டி இரும்பு உருளைகள் பதித்திருந்தார். காரின் முன்சக்கரங்கள் அந்த உருளைகள்மேல் உட்காரும். நாலு மூலையிலும் பெல்ட் போட்டுத் தரையில் இருக்கிற கொக்கிகளோடு இறுக்கிவிடுவார். உள்ளே ஒருவர் மிதித்தால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், லேப்டாப்பில் கோடு ஏறும். கார் நூற்றைம்பதில் ஓடும். ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அன்று காலை எழிலன் தனியாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கூடவே பக்தவச்சலம் வந்தார். ஆர்.கே.பேட்டையில் கரும்பு வைத்திருக்கிற மனிதர். வெள்ளிக்கிழமை எழிலனுக்கு நிச்சயமாகவிருந்த கனிமொழிக்கு அப்பா. சகுனத்தில் அவர் கறார். முன்பு கனிமொழிக்கு வந்த ஒரு வரன், வாசலில் பைக் ஆஃப் ஆன ஒரே காரணத்துக்காகக் காபிகூடக் கிடைக்காமல் திரும்பிப் போனான். ஆகவே எழிலன் இரண்டு வாரமாகத் தும்மலைக்கூட அடக்கி வைத்திருந்தான்.

"புது எஞ்சினுனா புது வண்டி மாதிரி தானே மாப்ள," என்றார் பக்தவச்சலம். "மலைக்கு எடுத்துகினு போய் பூஜை போட்டியா?"

"ட்யூன் முடிச்சிட்டு போலாம்னு இருந்தேன் மாமா."

"நல்லா இருக்குது. முடிச்சிட்டா கும்பிடுவாங்க?"

சமியுல்லா அப்போது காரின் பின்னால் குனிந்து, புகைக்குழாய்க்குள் சென்சார் சொருகிக்கொண்டிருந்தார். எழிலன் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் இறுகியிருக்கிறதா என்று பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில் பக்தவச்சலம் மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து, முன்சக்கரங்களுக்கும் உருளைகளுக்கும் நடுவில் பக்திசிரத்தையாகச் செருகி, பானெட்டில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, "போட்டும்" என்றார்.

எழிலன் 'மிதி' என்று அர்த்தம் செய்துகொண்டு மிதித்தான்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஒரு பாதி பறந்துபோய் ஷெட்டின் டியூப்லைட்டில் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் கத்தியது, டர்போ விசிலடித்தது, கோடு ஏறியது. எழிலன் காலை எடுத்தான். சக்கரம் நின்றது. கதவைத் திறக்கக் கையை நீட்டினான்.

"எறங்காதே," என்றார் பக்தவச்சலம்.

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். முகம் வெளுத்திருந்தது.

"பழம் நசுங்கிடுச்சு மாப்ள. வண்டி ஒரு அடி முன்னாடி போவல. பழம் நசுங்கினப்புறம் முன்னாடி போவாத வண்டிய என் வயசுக்கு நான் பாத்ததில்ல. போவாம எறங்கினா பொறப்பட்ட பயணத்துல பாதியில எறங்கின மாதிரி. அப்புறம் வெள்ளிக்கெழமைக்கு நான் யாரையும் கூப்பிட முடியாது."

எழிலன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் ஓட்டிப் போக வேண்டியதுதானே என்று எவருக்கும் தோன்றும். எழிலனுக்கும் தோன்றியது. தலையை நிமிர்த்திப் பார்த்தான். முன்னால் சுவர். புகை வெளியே போக வேண்டும் என்பதற்காக டைனோவில் காரின் பின்பக்கத்தைத்தான் வாசலுக்குக் காட்டி நிறுத்துவார்கள். மூக்குக்கு எதிரே ஒரு பெரிய மின்விசிறி, அதற்குப் பின்னால் செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அம்சாவின் டிபன் கடை. வெளியே வர ஒரே வழி ரிவர்ஸ்.

"ரிவர்ஸா," என்றார் பக்தவச்சலம். அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்துக்கொள்ளவே பிடிக்காமல் துப்பியது மாதிரி இருந்தது.

"மாமா, இதோ பாருங்க. மீட்டர்ல நாலு கிலோமீட்டர் முன்னாடி போயிருக்குது."

"மீட்டர் போயிருக்குது. வண்டி போவல."

சமியுல்லா பின்னாலிருந்து எழுந்து வந்தார். டியூப்லைட்டில் இருந்த எலுமிச்சையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. திருத்தணியில் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் புதிதல்ல. வாடிக்கையாளர்களைப் பழத்தை ரோட்டிலேயே நசுக்கிவிட்டு வரச் சொல்வது அவர் வழக்கம்.

"இன்னா நைனா, சொல்லியிருந்தா வெளியவே முடிச்சிட்டு வந்திருக்கலாமே," என்றார் எழிலனிடம்.

"நான் எங்க பாய் சொன்னேன். அவரு செஞ்சாரு."

"ஆங், பெரியவரு செஞ்சா அதுக்கு மேல அப்பீல் இல்ல."

சுவரை இடிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அம்சா கரண்டியோடு வந்து, சுவர்மேல் ஒரு சுத்தியல் பட்டால் பட்ட கை தன் கொதிக்கிற சாம்பாரில் இருக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து பக்தவச்சலமே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியில் சக்தி பத்தாததால்தான் முன்னால் போகவில்லை. சக்தியைக் கூட்டினால் போகும். அதற்குத்தானே இந்தக் கடை.

"கூட்டுங்க பாய்."

சமியுல்லா டர்போ தள்ளுகிற காற்றைக் கூட்டினார். எழிலன் மிதித்தான். நூற்று எண்பது குதிரைசக்தி. கார் பெல்ட்டில் முக்கியது, நகரவில்லை. மறுபடி கூட்டினார். இருநூற்று நாற்பது. "இன்னும் கொஞ்சம்," என்றார் பக்தவச்சலம், கடையில் மிக்ஸர் வாங்குகிறவர் மாதிரி. முன்னூற்று இருபதைத் தாண்டியதும் லேப்டாப்பின் கோடு திரையின் மேல் விளிம்பில் முட்டி, அதற்குமேல் இடம் இல்லாததால், கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏற ஆரம்பித்தது.

மதியமானது. கார் உள்ளே இட்லிப் பானை. மின்விசிறி அடிக்கிற காற்று எஞ்சினுக்குத்தான் போனது, எழிலனுக்கு ஒரு மூச்சுகூட மிச்சம் வரவில்லை. கண்ணெதிரே சுவரில் ஒரு டயர் கம்பெனி காலண்டர். அதில் ஒரு கார் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தது. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று யோசித்து யோசித்து, அங்கே ஒரு கழிப்பிடம் இருப்பதாக முடிவு செய்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். பெட்ரோல் தீர்ந்தால் கேனில் ஊற்றினார்கள். அவனுக்குத் தயிர்சாதத்தை ஜன்னல் வழியாக ஊட்டினார்கள். தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றான்.

கனிமொழி போன் செய்தாள்.

"எங்க இருக்க?"

"வண்டியில."

"எவ்ளோ தூரம் வந்திருக்க?"

"முன்னூத்திப் பத்து கிலோமீட்டர்."

"அப்போ இப்போ எங்க இருக்க?"

"சமியுல்லா பாய் ஷெட்லதான்."

"எங்க அப்பா பக்கத்துல இருக்காரா?"

"எலுமிச்சம்பழம் போட்டாரு."

"ஐயோ கடவுளே," என்று மெதுவாகச் சொன்னாள். "சரி, ஒக்காந்துகினு இரு. எறங்கினன்னு வை, அவரு சாவுற வரைக்கும் மனசு மாறாது. பாத்ரூம் வருதா?"

"அத கேக்காத."

"அப்ப வருது. என்ன நெனச்சிகினு அடக்கிக்கோ. வெள்ளிக்கெழமைய நெனச்சிகினு அடக்கிக்கோ."

வெள்ளிக்கிழமையை நினைக்க நினைக்க அது இன்னும் அதிகமானதுதான் மிச்சம். ஆனாலும் அவன் இறங்கவில்லை. கதவின் பிடி கைக்கு ஒரு முழத்தில் இருந்தது. பூட்டில்லை, காவலில்லை. கதவைத் தள்ளினால் திறந்துவிடும். அப்படித் திறக்கிற கதவுக்குள்தான் மனிதன் வசமாக மாட்டிக்கொள்கிறான் என்று எழிலனுக்கு அன்று தெரிந்தது.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் அவன் பொறுமை கடந்துவிட்டது.

"பாய், இருக்கிறதெல்லாம் குடுத்துடுங்க."

"எஞ்சின் வெளிய வந்துடும் நைனா."

"வந்தா அதாவது முன்னாடி போவட்டும்."

சமியுல்லா அல்லாவை நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்த தடை ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டார். பக்தவச்சலம் முருகனை நினைத்துக்கொண்டு ஒரு கற்பூரம் ஏற்றினார். எழிலன் யாரையும் நினைக்கிற நிலையில் இல்லை. மிதித்தான்.

முதலில் விசில். பிறகு இடி. புகைக்குழாயிலிருந்து வந்த நெருப்பில் எதிர்க்கடைக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டார். கார் முன்னால் பாய்ந்தது, பெல்ட் பிடித்துக்கொண்டது. பெல்ட் கொக்கியை இழுத்தது. கொக்கி சமியுல்லாவே நின்று ஊற்றிய கான்கிரீட், அது விடவில்லை. கான்கிரீட் தரையோடு இருந்தது, தரை சுவரோடு இருந்தது, சுவர் கூரையோடு இருந்தது. எதுவும் எதையும் விடாததால் கடைசியில் மண்தான் விட்டுக்கொடுத்தது. கரகரவென்று ஒரு சத்தம். ஷெட் மொத்தமும், உள்ளே இருந்த கார், உருளை, விசிறி, காலண்டர், மூன்று மனிதர்கள் எல்லாவற்றோடும், வடக்கே ஆந்திராவைப் பார்த்து நகர்ந்தது. அம்சாவின் கடையும் சேர்ந்தே போனது. அடுப்பில் இருந்த தோசை தானாகவே திரும்பிப் போட்டுக்கொண்டது.

புழுதி அடங்கியதும் பக்தவச்சலம் வெளியே போனார். வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் புதிதாகத் தெரிந்த ஈரமண்ணைக் குனிந்து பார்த்தார். துண்டை விரித்து அளந்தார். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை.

உள்ளே எழிலன் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். இந்த அளவுகூட அவருக்குப் போதாது என்றால், இரண்டாவது தடவை மிதிக்க அவனிடம் கால் இல்லை. இறங்குவது ஒன்றுதான் பாக்கி. இறங்கினால் கனிமொழி இல்லை.

"ஒண்ணேகால் அடி," என்றார் பக்தவச்சலம், உள்ளே வந்து.

"போதுமா மாமா?"

"ஒரு அடி தான் கணக்கு. கால் அடி உன் நல்ல மனசு." கதவை அவரே திறந்து பிடித்தார். "எறங்குங்க மாப்ள."

அதுவரை ஒருமையில் கூப்பிட்டவர் 'ங்க' போட்டதை எழிலன் கவனிக்கவே இல்லை. அவன் அப்போது அம்சா கடையின் கொல்லைப்பக்கத்தை நோக்கி, அன்று முழுவதும் அந்தக் கார் தொடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

"ஐநூத்திப் பன்னண்டு," என்றார் சமியுல்லா, லேப்டாப்பைப் பார்த்து. கேட்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை நிச்சயம் ஜாம்ஜாமென்று நடந்தது. பக்தவச்சலம் தன் கையாலேயே தட்டு மாற்றினார். வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளையின் காலைக் காட்டி, பூமியை நகர்த்திய கால் இதுதான் என்றார்.