தண்ணீருக்குப் பயந்தவர்

கணவர் போய் ஒரு வருடம் ஆன பிறகும் அவள் "நாங்க" என்றுதான் பேசினாள். எதிர்வீட்டில் கூப்பிட்டால் "வரோம்" என்பாள். காய்க்காரரிடம் "நாங்க பாகற்காய் தொடறதில்லை" என்பாள். கேட்டவர்கள் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

அவர் இருந்தார். மாடிப்படியில் அவள் மூச்சு வாங்கி நின்றால் ஒரு படி கீழே இன்னொரு மூச்சும் நிற்கும்.

நாத்தனார் ஒருத்திதான் கிண்டல் செய்வாள். "எங்கண்ணன் நிம்மதியாப் போய்ச் சேர நீங்க விட்டாத்தானே, அண்ணி!" அவளேதான் நீச்சல் குளத்துக்கும் இழுத்துப்போனாள். "உங்க சின்ன வயசு ஆசை. அன்னிக்கு அவரு விடலை. இன்னிக்கு யாரு தடுக்கப் போறா?"

தண்ணீர் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். இப்போது அவளைத் தடுத்ததும் அதுதான். அவள் இறங்கினால் அவர் கூட வரமாட்டார். கரையில் நின்று பார்ப்பார். பார்த்துப் பார்த்து, ஒருவேளை, போயே விடுவார்.

முதல் சில நாட்கள் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் நனைத்தாள். எருமை மாதிரி ஊறிக்கிடந்த நாத்தனார் கேட்டாள்: "ஆசை காலுக்கு மட்டும்தானா அண்ணி?"

அன்று என்ன தோன்றியதோ, கம்பியைப் பிடித்து இறங்கிவிட்டாள். பயிற்சி தரும் பெண் அவள் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். சற்று நேரத்தில் அந்தக் கை இல்லை. அவள் மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் அடைத்து, ஒரே ஒரு மூச்சு பெரிதாகக் கேட்டது. அவளுடையது.

எழுந்து கரையைப் பார்த்தாள். ஈரத் தரை. வேறு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் தான் சிரித்துக்கொண்டிருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நாளைக்கும் வருவீங்கல்ல ஆன்ட்டி?" பயிற்சி தரும் பெண் கேட்டாள்.

"வரேன்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது. தலை துவட்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றது. இனி ஒரு வாரத்துக்கு இதை வைத்தே கேலி செய்வாள் என்று நினைத்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி." குரல் உள்ளே போயிருந்தது. "நீங்க ஒருத்தர்தான் அவரையும் சேர்த்துப் பேசிட்டிருந்தீங்க."

"தினமும் கிண்டல் பண்ணின வாயா இது?"

"கிண்டல் பண்ணினாத்தானே திரும்பவும் 'நாங்க'ன்னு சொல்லுவீங்க."

அவள் துண்டை வாங்கி நாத்தனாரின் தலையை அழுத்தித் துவட்டினாள். துண்டுக்குக் கீழே தோள்கள் குலுங்கின.

"டீச்சர், நாளைக்கு வரோம்மா," என்றாள். யார் யாரைச் சேர்த்துச் சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

பெண்களுக்கான நேரம் முடிந்து, மற்ற எல்லோரும் உடை மாற்றப் போயிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால், காலியான குளத்தில், யாரோ தயங்கித் தயங்கிக் கால் வைப்பதுபோல் தண்ணீர் சலசலத்தது.

இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.