பச்சைச் சாயம் அடித்த சரிவு

நான் தெளிப்பது புல் இல்லை, சாயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து பசுமை, மீட்பு என்று வாயைப் பிளக்க வேண்டாம். டேங்கரில் தண்ணீர், காகிதக் கூழ், பசை, பேருக்குக் கொஞ்சம் விதை, அதன் மேல் ஒரு மூட்டை பச்சைத் தூள். கலக்கி, ஹோஸைப் பிடித்து மலைச்சரிவில் பீய்ச்சினால் மத்தியானத்துக்குள் மலை பச்சையாகிவிடும். வீட்டுக்குப் போனால் என் நகக்கண்ணில் பச்சை, காதுமடலில் பச்சை, துப்பினால் எச்சிலிலும் பச்சை. கருமம்!

மலை என்று சொல்வது பழக்கதோஷம். அதன் உச்சியை வெடி வைத்துப் பெயர்த்து, அடுக்கடுக்காக நிலக்கரியை வழித்தெடுத்து, மிச்சக் கல்லையெல்லாம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தள்ளியாகிவிட்டது. கரி தீர்ந்ததும் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து மரம் வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு மேல்மண் வேண்டும். முதலில் சுரண்டும் அந்த மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் புத்திசாலிகளோ முதலில் சுரண்டியதையே முதலில் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். இப்போது நல்ல மண் அடியில் கிடக்கிறது, அதன் மேல் ஒரு மலை அளவு கல். கல்லில் முளைத்த புல் ஒரு வாரம் நிற்கும், பிறகு கருகும். கருகியதும் மறுபடி என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்தச் சரிவுக்கு நேர் கீழே என் அக்கா வீடு. வெடி வைக்கத் தொடங்கியபோது அங்கிருந்த எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சமையலறையில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வெளியே போக வேண்டும். குளிக்க வரிசை, தூங்க வரிசை, சண்டை போட மட்டும் வரிசை கிடையாது. ஆய்வு அதிகாரி வந்து சரிவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அவர்கள் வீடு திரும்பலாம். அதோடு சுரங்கக்காரர்களும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அன்றைக்கு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏய், மலை பூரா புல்லுடி! பாதிப் பாத்திரத்தை வீட்டுல கொண்டு போய் வெச்சுட்டேன். இனி உனக்கு எங்க தொல்லை விட்டுது."

"அது புல்லு இல்லக்கா, சாயம். மேல விரிசல் விட்டிருக்கு, என் காலே உள்ள போகுது. ஒரு நல்ல மழை பெஞ்சா மொத்தமும் உன் வீட்டு மேலதான் வரும்."

"எப்பப் பாரு அபசகுனமாவே பேசு. அடிக்கிறவளே நீதானே? சித்தி கை பட்டா சோடை போகாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன். நீ என்னடான்னா..."

எனக்குச் சுருக்கென்றது. என்னை நம்பித்தான் அவள் அந்தச் சரிவுக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்கப் போகிறாள். என் கைகளைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய் விரிசலைச் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரும்மா. ரோட்டுப் பக்கமா சாயத்தைக் கூடப் போடு. அந்த விரிசல் மேலயும் கனமா அடிச்சுடு, மூடிக்கும்."

"கீழ வீடுங்க இருக்கு சார்."

"வீடு எங்கயும் ஓடிடாது. நீ அடி."

பல்லில் மாட்டியிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் டேங்கரில் எல்லாவற்றையும் போட்டேன், சாயத்தைத் தவிர. பழைய பச்சையின் மேல் சாம்பல் நிறக் கூழ் வழிந்தது. நாய் கக்கி வைத்ததைப் போல் இருந்தது சரிவு. ஆபீசர் இதைப் பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டார், அதை அக்கா தன் கண்ணால் பார்க்கட்டும் என்று அவளையும் அழைத்து வந்து நிறுத்தியிருந்தேன்.

கார் வந்தது. முன்னால் இறங்கிய மேனேஜரின் முகம் செத்துப்போயிற்று. நான் அவரைத் தாண்டிப் போய்க் கார் ஜன்னலில் குனிந்தேன்.

"சார், சாயம் இல்லாம இதுதான் சார் மலை. மேல விரிசல் இருக்கு, வாங்க காட்டுறேன்."

ஆபீசர் இறங்கவே இல்லை. மேனேஜரைப் பார்த்து, கோபமே இல்லாமல், "கலர் போட மறந்துட்டாங்க போல" என்றார். "பரவாயில்ல. சாயங்காலத்துக்குள்ள அடிச்சு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. நான் எழுதிடறேன்."

அடப்பாவி! இத்தனை நாளும் அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "சார், எங்க வீடு இதுக்கு நேர் கீழ இருக்கு. பிள்ளைங்களோட இருக்கலாமா?"

"தாராளமா இருக்கலாம்மா."

"அப்ப நல்லா மழை பெய்யிற அன்னிக்கு நீங்களும் வந்து படுங்க. உங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. படுக்கை நான் போட்டுத் தர்றேன்."

கார்க் கண்ணாடி மேலே ஏறியது. என்னை அந்த இடத்திலேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாயங்காலம் வேறொருவர் வந்து அடித்துவிட்டுப் போனார். கையெழுத்தும் ஆயிற்று.

மறுநாள் பாத்திரங்களைத் திரும்ப எடுத்து வரப் போனோம். பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் கைக்குழந்தையோடு தன் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். வாசலில் நின்று குழந்தைக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு பாத்தீங்களாக்கா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். விரிசல், சாயம், ஆபீசர், ஒன்று விடாமல். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தங்கச்சிய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு வயித்தெரிச்சல்ல பேசுறீங்க. ஆபீசரே சொல்லிட்டாரு. படிச்சவருக்குத் தெரியாதா?"

"சரி, எங்களை நம்பாத. குழந்தையவாவது ரெண்டு நாளைக்கு எங்ககிட்ட குடும்மா. நான் பாத்துக்கறேன்" என்று அக்கா கையை நீட்டினாள்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். அக்கா பாத்திரங்களைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கதவைத் தட்டத் தொடங்கினாள். நானும் போய்த் தட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது.