கொடிகாமத்துப் பன்னிரண்டு வாய்கள்

என் மனைவி தர்சிகா பல்கலைக்கழகத்தில் கிருமி ஆராய்ச்சி செய்கிறாள். நான் கொடிகாமம் சந்தையில் வாழைக்குலை விற்கிறேன். இந்தச் சோடி எப்படிப் பொருந்தியது என்று கேட்பவர்களுக்கு நான் அவளுடைய ஆராய்ச்சியைத்தான் விளக்குவேன், கேட்டவர் நழுவும்வரை. காயம் பட்டால் இரத்தம் நூல் நூலாக வலை பின்னித்தான் உறையும். பல்லைப் பிடித்திருக்கும் முரசு அழுகிய வாயில் வளரும் ஒரு கிருமி அந்த நூலை வெட்டிவிடும் என்பது அவள் எண்ணம். அந்தக் கிருமியை நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்து, வளர்த்து, இரத்தத்தோடு கலந்து பார்ப்பதுதான் அவள் வேலை.

முரசில் இரத்தம் கசிபவர்கள் வேண்டுமென்றாள். சந்தையிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போனேன். நானும் அதில் ஒருவன், எண்ணிக்கையை நிரப்ப வந்ததாகச் சொல்லிக்கொண்டு.

ஒரு வாயிலும் கிருமி அகப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர். நான்கு நாட்களாக அவள் இயந்திரத்தைச் சோதித்தாள், குளிர்ப்பெட்டியைச் சோதித்தாள், சரியாகச் சாப்பிடவுமில்லை. வியாழன் பின்னேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை கையிலைதான் பிழை போலை."

அதை என்னால் தாங்க முடியவில்லை.

"உம்மடை கையிலை பிழை இல்லை. நான்தான் எல்லாருக்கும் குளிசை குடுத்தனான்."

பிறகு முழுவதையும் சொன்னேன். போவதற்கு முந்திய வாரம், என் மனைவிக்கு முன்னால் சந்தையின் மானத்தை வாங்காதீர்கள் என்று சொல்லி, மருந்துக்கடையில் கிருமியைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கிக் கொடுத்து, உப்புப் போட்டு முரசைத் தேய்க்கவும் வைத்தேன். எல்லோரும் திருநீறும் வெளுத்த பல்லுமாகத்தான் வந்தார்கள்.

"நீங்களும் போட்டனீங்களோ?"

ஓம் என்றேன். இரண்டு வருடமாக இரத்தம் துப்புகிறேன், உமக்கு ஒளித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அரைமணி நேரம் ஏசினாள். பின் எதையும் மறைக்காமல் பேராசிரியருக்கு எழுதினாள். குளிசையின் வேகம் அடங்க மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

இம்முறை அவளே விடியற்காலையில் சந்தைக்கு வந்தாள். ஒருவரும் பல் விளக்கக்கூடாது என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். விளக்காத வாயை நாலு பேர் பார்க்கத் திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தர்சிகா கையுறையைப் போட்டுக்கொண்டு தனியே நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குலைகளை ஒதுக்கிவிட்டு வாங்குப் பலகையில் அமர்ந்தேன், சந்தை முழுக்கப் பார்க்க வாயை ஆவென்று திறந்தேன். அவள் தொட்டதும் இரத்தம் வழிந்தது.

மரக்கறி விற்கும் இரத்தினம்மா என் தோளைத் தட்டினாள்.

"தள்ளு பிரகாஸ். என்ரை வாய் உன்ரையிலும் மோசம்."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

பத்து வாயில் கிருமி இருந்தது. அதைக் கலந்த இரத்தம் உறையாமல் தண்ணீராகவே கிடந்ததை தர்சிகா எனக்குக் காட்டினாள். அவள் நினைத்தது சரி. பன்னிரண்டிலும் படுமோசமான வாய் என்னுடையதுதானாம். இரத்தினம்மாவிடம் அதை இரண்டு தரம் சொன்னேன்.