படியேறாத நோயாளிகள்

பொழுது புலருமுன்பே உப்பளத்து ஷெட்டில் மருத்துவ வண்டியின் வேலை தொடங்கிவிட்டது. டிரைவர் முத்துவேல் படியில் ஒட்டிய கடல் மணலைக் கழுவித் தள்ளினார். நர்ஸ் அஞ்சலாட்சி மருந்துப் பெட்டிகளை இடுப்பில் தாங்கி ஏற்றினாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மனசு அதைவிட மோசமாக அடித்துக்கொண்டது. மீனவர் குப்பத்துக்கு வண்டி போவது இன்றே கடைசி. அதோடு இருவருக்கும் வேலையும் போகிறது.

வண்டிக்குக் கூட்டம் இல்லையாம், அதை நடத்தும் ஒப்பந்தக்காரர் கமலக்கண்ணனின் ஆபீஸ் சொல்கிறது. எப்படி இருக்கும்? வண்டி போய் நிற்கும் நேரத்தில்தான் படகுகள் கரைக்கு வரும். மீனை ஏலம் எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு ஓடுகிற பெண்கள் வரிசையிலா நிற்பார்கள்? அதனால் அஞ்சலாட்சியே மாத்திரையும் பஞ்சுமாகக் கரைக்கு இறங்கிப் போவாள். மீன்காரி தனக்கொடி ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, காலடியில் குந்தி அவளுடைய சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிடுவாள். ஆனால் வண்டிப் படி ஏறாதவர்களை ஆபீஸ் நோயாளிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என் கையாலேயே வண்டியைக் காலியாக்கிவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

சாயங்காலம் சாவி கைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லத்தான் கமலக்கண்ணன் ஷெட்டுக்கு வந்தார்.

“இத்தனை பேர் வருவாங்கன்னு முன்னாடியே தெரியற ஊருக்குத்தான் வண்டி. சும்மா டீசலை எரிக்க முடியாது.”

“எவ்ளோ மீன் படும்னே தெரியாத ஊரு சார் அது. நோவு மட்டும் சொல்லிட்டு வருமா? மார்க்கெட் முடிஞ்சி வர்ற நேரத்துக்கு வண்டிய மாத்துங்க” என்றாள் அஞ்சலாட்சி.

“பிளான் போடறது உன் வேலையில்ல.”

கரையில் பெண்களிடம் அஞ்சலாட்சி எதையும் மறைக்கவில்லை. தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள். தனக்கொடி கூடையைக் கீழே வைத்தாள்.

“நீ எங்க காலடிக்கு வந்த, நர்சம்மா. உன் வண்டிப் படிய நாங்க மிதிக்கல. அதுல எங்க தப்பும் இருக்குது.”

இன்று மார்க்கெட் வேண்டாம் என்று பெண்கள் பேசி முடித்தார்கள். ஒருநாள் மீன் கெட்டால் வீட்டில் உலை கொதிக்காது, தெரிந்துதான் முடித்தார்கள். கூடைகளோடு அவர்களை ஏற்றிக்கொண்ட மார்க்கெட் டெம்போக்கள் மருத்துவ வண்டியின் பின்னால் உப்பளத்து ஆபீஸ் பக்கம் திரும்பின.

ஆபீஸ் கேட் சாத்தியிருந்தது. அதன் எதிரிலேயே முத்துவேல் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டித் தெருவில் ஓடியது. மாடி ஜன்னலில் கமலக்கண்ணன் போனைக் காதில் வைத்தபடி நின்றார். போலீஸைத்தான் கூப்பிடுகிறாரோ என்னவோ. அஞ்சலாட்சி நோயாளிப் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

தனக்கொடி கட்டுப்போட்ட காலை ஊன்றிப் படியேறினாள். ஜன்னலுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“எழுதிக்கோ நர்சம்மா. தனக்கொடி. எனக்குப் பின்னாடி தெருமுனை வரைக்கும் நிக்கறாங்க.”