கொடியிடை என்று வெட்டிய கிண்ணம்

ஆவடி மார்க்கெட்டில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டும் பரந்தாமன், அவள் நீட்டிய வெள்ளிக் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"குடுக்கிறவங்க பேரா, வாங்கிக்கிறவங்க பேரா?"

"வாங்கிக்கிறவங்க. கொழந்தை பேரு. கொடியிடை."

மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இன்னா பேரும்மா சொன்னே?"

"கொடியிடை. திருமுல்லைவாயில் அம்மன் பேரு."

"அம்மனத் தெரியும். கொழந்தைக்கு வெக்கிறாங்கன்னு இப்பத்தான் கேக்குறேன். முப்பது வருசமா வெட்டிக்கினு கீறேன். லட்சுமின்னா கண்ண மூடிக்கினே வெட்டுவேன். இந்தப் பேரு என் கையில வந்ததே இல்ல. இன்னா அர்த்தம்?"

அர்த்தம் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு தயங்கும். சொன்னதும் எதிரில் இருப்பவரின் கண் நேராக அவள் இடுப்புக்குத்தான் இறங்கும். கைப்பையை முன்னால் இழுத்துக்கொண்டு, "கொடி மாதிரி இடுப்பு இருக்கறவ" என்றாள்.

பரந்தாமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் கீது. தேதி போடணுமா?"

"பொறந்த நாள் போடுங்க. பதினாலு, மூணு, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு."

அது தன் பெயரும்தான் என்று அவள் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயதில் தன் பெயரைத் தானே பாத்திரத்தில் வெட்டிக்கொள்வதுபோல் இருந்தது. மெஷின் கிர்ரென்று ஓடி முடிந்ததும் கிண்ணத்தை வாங்கி, எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவள் பிறந்தது ஒரு பௌர்ணமி அன்று. அப்பா சம்பந்தமும் அம்மாவும் அன்றைக்கு மூன்று அம்மன்களையும் பார்ப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் மேலூரில் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், சாயங்காலம் சொந்த ஊரான திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். மூன்றையும் ஒரே நாளில், அதே வரிசையில் பார்த்தால்தான் வேண்டுதல் நிறையும். இரண்டு முடிந்து திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. கோயில் நடை சாத்தும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். "பாக்காம உட்ட அம்மன் நம்ம ஊட்டுக்கே வந்துட்டா" என்று அப்பா அந்தப் பெயரை வைத்தார்.

அவர் இருந்தவரை முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்களுக்கு அவள் கொடி. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் நான்கு செல்விகள், மூன்று கலைவாணிகள், ஒரே ஒரு கொடியிடை. பன்னிரண்டு வயதில் உடம்பு போட ஆரம்பித்ததும் அந்த ஒரே ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்க முழு வகுப்பு இருந்தது. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் காபியை வாங்கிக்கொண்டே, "பேரு வெச்சவரு இப்ப பார்த்தா இன்னா சொல்லுவாரு" என்றாள். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வரன் வந்தது, நின்றது. அப்பா போனார், அம்மா போனார். பதினோரு வயது இளையவனான தம்பி சரவணக்குமாரைப் படிக்க வைத்ததில் மிச்ச வருஷங்கள் போயின.

இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. பேண்ட்டுகளை மேஜையில் விரித்து, இடுப்பை இஞ்ச் டேப்பால் அளந்து, சரியாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவாள். முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு, முப்பத்தாறு. அங்கே அவள் 'செக்கிங் அக்கா'. முழுப்பெயர் கேட்க வேண்டுமென்றால் பேங்க்குக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கோயில். புதிதாக வந்த குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். சொன்னாள். "அம்பாள் பேர் எனக்குத் தெரியும்மா, உங்க பேரச் சொல்லுங்க" என்றார்.

மார்ச் மாதம், சரவணக்குமாரின் மனைவி அகல்யாவுக்கு எட்டாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. தியேட்டர் வாசலில் அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனைப்போல் நின்றான். "அக்கா, ரெண்டு பேரும் நல்லபடியா வந்துட்டா போதும். பொண்ணா இருந்தா உன் பேருதான். சத்தியமா உன் பேருதான்க்கா."

பெண்தான். இரண்டு பேரும் நல்லபடியாக வந்தார்கள்.

அந்தப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டால் அது பிச்சை மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் வீட்டில் தனியாகச் சோறு வடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், அந்தப் பெயரை அவள் வேறு ஒருத்தியின் பெயராகச் சொல்லிப் பார்த்தாள். கொடியிடை, ஸ்கூலுக்கு நேரமாச்சு. கொடியிடை, அத்தை ஊட்டுக்கு வர்றியா? அப்படிச் சொல்லும்போது அது நல்ல பெயராகவே இருந்தது.

தொட்டில் போடுவது ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. கரையான்சாவடியில் தம்பியின் அபார்ட்மெண்ட்டில் கீழ்த்தள ஹால். ஆவடியில் பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் போய்விட்டாள். தொட்டிலுக்குச் சாமந்திப்பூ சுற்றியிருந்தது. அகல்யாவின் கோவில்பட்டி உறவுகள் ஒரு பக்கமும், சரவணக்குமாரின் ஆபீஸ் நண்பர்கள் ஒரு பக்கமும். திருமுல்லைவாயிலிலிருந்து பெரியம்மா லோகநாயகி மட்டும் வந்து, முதல் வரிசையில் இரண்டு நாற்காலியை அடைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வா கொடி. சீரு இன்னா கொண்ணாந்தே? காட்டுடி."

"தொட்டில்ல போட்டப்புறம்தான் பெரிம்மா."

அப்போது சரவணக்குமார் வேகமாக வந்தான். பட்டுவேட்டி அவிழாமலிருக்க ஒரு கையால் பிடித்திருந்தான். "அக்கா, நீதான காதுல பேரு சொல்லணும். புதுப் பேரு, மறந்துடப்போற. எழுதி வெச்சிருக்கேன் பாரு." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "மூணு தடவ சொல்லிடுக்கா."

ஆத்விகா என்று எழுதியிருந்தது.

அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ மறைக்கிற முகமாக அது இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் சொன்னது அவனுக்கு நினைவில் இல்லை, அவ்வளவுதான். பயம் போனதும் பயத்தில் சொன்னதும் கூடவே போய்விட்டது.

"நல்லா இருக்குடா" என்றாள்.

"பி பிளாக்ல ஏற்கெனவே ரெண்டு ஆத்விகா இருக்காங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

தொட்டிலில் குழந்தையைக் கிடத்தினார்கள். கொடியிடை வெற்றிலையால் குழந்தையின் காதை மறைத்துக் குனிந்தாள். பால் வாசனை வந்தது. வெற்றிலைக்கு அந்தப் பக்கம் யாருக்கும் எதுவும் கேட்காது. எந்தப் பெயரைச் சொன்னாலும் அது அவளுக்கும் இந்தச் சின்னக் காதுக்கும் மட்டும்தான்.

காதில் மட்டும் இருக்கும், யாரும் கூப்பிடாத பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை இன்னொருத்திக்குக் கொடுப்பதா?

"ஆத்விகா" என்றாள். மூன்று தடவை. சீட்டைப் பார்க்காமல்.

சீர் வைக்கும் நேரம் வந்தது. அவள் பையைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். லோகநாயகி விட்டால்தானே. "அத்தக்காரி சீரு எங்க?" என்று பையைப் பிடுங்கி, கிண்ணத்தை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள்.

"அடியே! கொழந்தைக்குக் குடுக்குற கிண்ணத்துல உன் பேர வெட்டிக்கினு வந்துகீறியே! நாங்க இன்னா, தூக்கினு பூடுவோமா?"

ஹாலே சிரித்தது. சரவணக்குமாரும் சிரித்தான். "யார் குடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியணும் அக்காவுக்கு."

அவர்கள் நினைப்பதே நல்லது என்று கொடியிடைக்குப் புரிந்தது. பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரை வெட்டுவது ஊர் வழக்கம்தான். யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

"பின்ன?" என்று அவளும் சிரித்தாள். "நாளைக்கு இது வளர்ந்து, எங்க அத்தை ஒண்ணுமே செய்யலன்னு சொல்லிடக் கூடாதே பெரிம்மா."

"உஷாரான ஆளுதான்டி நீ."

சாப்பிட்டாள். இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டாள். மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அகல்யா ஃபோன் செய்தாள். நாத்தனாரை அவள் ஊர் வழக்கப்படி மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

"மதினி, வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா? கிண்ணத்தக் கழுவிட்டு இருந்தேன். உங்க பேருக்குக் கீழ ஒரு தேதி போட்டிருக்கு. அது பாப்பா பொறந்த நாளுல்லா?"

"ஆமாம்மா."

"குடுக்குறவங்க பேருன்னா விசேஷத் தேதியத்தான போடுவாங்க?"

குழாயில் தண்ணீர் சொட்டியது. கொடியிடை எழுந்து போய் இறுக்கி மூடினாள்.

"மதினி, இவங்க உங்ககிட்ட முன்னாடி ஏதும் சொன்னாங்களா?"

"பயத்துல மனுஷன் ஆயிரம் சொல்லுவான். அதெல்லாம் பிடிச்சுக்கினு தொங்க முடியுமா?"

அகல்யா மெதுவாகச் சொன்னாள். "எங்கிட்ட யாரும் சொல்லல மதினி. பர்த் சர்டிபிகேட்டுக்குப் பேரு குடுத்தாச்சு."

"வேணாம்மா, மாத்தாத. அவன்கிட்டயும் கேக்காத. ஆத்விகா நல்ல பேரு. ஸ்கூல்ல கூப்பிட்டா யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க." குழந்தை அழும் சத்தம் கேட்டது. "போ, பசிக்குது பாரு."

புதன்கிழமை பௌர்ணமி. வேலைக்கு லீவு போட்டாள். குழந்தைக்காக மார்ச்சில் மூன்று அம்மன்களுக்கும் வேண்டிக்கொண்டிருந்தாள். அதை நிறைவேற்ற வேண்டும். காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர். இரண்டு இடத்திலும் கூட்டம் கூட்டமாகப் பெண்கள், அக்கா தங்கைகளாக, சாப்பாடு கட்டிக்கொண்டு. திருவொற்றியூரில் ஒரு குடும்பம் நகர்ந்து அவளுக்கு நிழலில் இடம் கொடுத்தது. எத்தனை பேர் வந்திருக்கீங்க என்று கேட்டார்கள். ஒருத்திதான் என்றாள்.

திருமுல்லைவாயிலுக்கு வந்து சேரும்போது ஆறு மணி. சாயங்கால அம்மன் ஆதலால், எல்லாரும் களைத்துப்போய்க் கடைசியாகத்தான் இவளிடம் வருகிறார்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும், அதே குருக்கள் கேட்டார்.

"பேர்?"

"ஆத்விகா."

"நட்சத்திரம்?"

"உத்திரம்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெயர் அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேர்ந்தது.

பிரகாரத்தில் உட்கார்ந்தபோது ஃபோன் அதிர்ந்தது. அகல்யா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். காதோடு வைத்துக் கேட்டாள். முதலில் கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம். பிறகு அகல்யா குழந்தையோடு பேசுகிற குரல்.

"யாரு கிண்ணத்துல பால் குடிக்கீங்க? கொடியிடை அத்தை கிண்ணத்துலயா? சொல்லுங்க, கொடியிடை அத்தை. கொடியிடை..."

குழந்தை ஊவென்று எதையோ சொன்னது. அவ்வளவுதான் செய்தி.

விபூதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் விளக்குப் போட அங்கே யாரும் இல்லை. சாவியை எடுத்தவள், பூட்டைத் திறக்கும் முன், ஃபோனைக் காதில் வைத்து இன்னொரு தடவை கேட்டாள்.