அக்கா சொல்வதை நம்பிய மண்

அந்த மழைக்காலத்தில், தட்டுத் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறவன், அவனுடைய அக்கா "மக்கு" என்று கூப்பிட்டதால் மக்கத் தொடங்கினான்.

அங்கே பிளாஸ்டிக்கோடு சோளமாவும் உமித்தூளும் கலந்து தட்டு செய்தார்கள். அது மக்குகிறதா என்று சோதிப்பது அக்காவின் வேலை. தட்டைத் துண்டாக்கித் தொட்டி மண்ணில் புதைப்பாள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் மாவைத் தின்னும். தின்ற இடமெல்லாம் துளையாகும். துளைக்குள் ஈரம் புகும். அப்புறம் பிளாஸ்டிக்கும் தளர்ந்து உதிர்ந்துபோகும். ஆனால் அவள் தொட்டியில் இருந்தவை சரியான சோம்பேறிகள். கடுப்பாகிப்போன அக்கா, காலையில் வந்ததும் மண்ணைப் பார்த்து, "இது மக்கும், இது மக்காது, புரியுதா?" என்று பாடம் நடத்த ஆரம்பித்தாள். அவற்றுக்குப் புரிந்துவிட்டது. மக்கும் என்றதை மிச்சம் வைக்காமல் தின்றன. மக்காது என்றதைச் சீண்டவில்லை. ஒருமுறை முதலாளி வெறும் பிளாஸ்டிக்கை அனுப்பி, மக்கும் என்று சொல்லச் சொன்னார். அக்காவும் வேலைக்குப் பயந்து சொன்னாள். மண் அசையவே இல்லை. அவள் மனதாரச் சொன்னால்தான் அவை நம்பின.

அப்பா இறந்தபின் தம்பியை வளர்த்தவள் அவள்தான். வீட்டில் அவனுக்குப் பெயரே மக்கு. கல்யாணப் பத்திரிகையில் அவன் உண்மைப் பெயரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை மாற்றிவிட்டீர்களா என்று விசாரித்த உறவினர்கள் உண்டு. மழைக்காலத்தில் ஒருநாள் தொட்டிக்குப் புது மண் கொண்டுவந்தவன், மூட்டையை அடிப்பக்கம் பிரித்து, தரையெல்லாம் கொட்டி, அள்ளித் தொட்டியில் போட்டதில் முழங்கை வரை அதன் மண்ணோடு நின்றான். "டேய் மக்கு, மேல் பக்கம் எதுன்னுகூடத் தெரியாதா?" என்றாள் அக்கா. பக்கத்தில் தொட்டி இருப்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

சாயங்காலத்துக்குள் அவன் கைகளில் ஊசிமுனைத் துளைகள் விழுந்தன. வலியில்லை, ரத்தமில்லை. கையைத் தூக்கினால் ஜன்னல் வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழுந்தது. மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம் என்று மருத்துவர் களிம்பு கொடுத்து, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஈரமில்லாவிட்டால் அந்த நுண்ணுயிர்கள் தூங்கிவிடும் என்பது அக்காவுக்கும் தெரியும். தட்டு உலர்த்தும் சூட்டறையில் அவனை உட்காரவைத்தாள். ஆனால் மனிதனுக்கு வியர்க்குமே! துளைகள் தோளைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் நகர்ந்தன. இவன் மக்க மாட்டான் என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணெதிரே மக்குகிறவனைப் பற்றி அதை நம்பிச் சொல்ல முடியவில்லை. மக்குக்கு மாற்று கெட்டிதானே என்று, "நீ கெட்டிக்காரன்டா, கெட்டிக்காரன்" என்று தொண்டை வறளச் சொன்னாள். துளைகள் நிற்கவில்லை. இத்தனை வருடமும் அவனை மக்கு என்றே நம்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"விடுக்கா," என்றான் தம்பி. "பொய் சொன்னா உன் குரல் கீழே போயிடும்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அப்பா வெளியூர் போயிருக்கார், வந்துடுவார்னு சொன்னியே, அன்னிக்கே தெரியும். நம்பலேன்னா நீ அழுவே. அதான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு."

வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்த அந்தச் சின்னப் பையன், அக்காவுக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி," என்றாள், "நீ கெட்டிக்காரன்டா." குரல் கீழே போகவில்லை. நெஞ்சோரம் வந்திருந்த துளைகள் அங்கேயே நின்று, ஒவ்வொன்றாகத் தூர்ந்தன.

உள்ளங்கையில் ஒன்று மட்டும் மூடவில்லை. அதில் வேன் சாவியை மாட்டிக்கொள்கிறான், வசதியாகத்தான் இருக்கிறதாம். வீட்டில் இப்போது எல்லோரும் அவனை உண்மைப் பெயரால் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான்.