எலியா சாருடைய பச்சை சாக்ஸ்

எலியா சாருக்கு உயிரைவிடப் பெரிது சாக்ஸ். மனைவி ரத்னபாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். பாறசாலையில் மற்ற வாத்தியார்கள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகையில், இவர் மட்டும் வேட்டிக்குக் கீழே ஷூவும் சாக்ஸும் மாட்டிக்கொண்டு போவார். கறுப்பு சாக்ஸெல்லாம் இனிமேல் கிழவர்களுக்குத்தானாம். கொழும்பிலிருக்கும் தம்பி ஈசாக்கிடம் சொல்லி வரவழைத்த புது ஜோடி கிளிப்பச்சை, அதில் சிவப்புக் கட்டம்.

அதுதான் வினையாக வந்தது. மலையாள அரசின் கீழிருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிச் சந்தை முக்கில் ஊர்வலம் நடந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் அங்கே போகலாமா? போனார். போலீஸ் தடியை ஓங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். துரத்திய கான்ஸ்டபிள் முகத்தைப் பார்க்கவில்லை, பச்சைக் காலைத்தான் பார்த்தான். அன்றுமுதல் அந்தக் காலைத் தேடி அலைகிறான். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அகப்பட்டால் அடி, ஜெயில், வேலையும் போய்விடும். ரத்னபாய்க்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த சனியன அடுப்பில போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ பயப்படாண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால், எல்லாரும் செருப்பு கழற்றுகிற சர்ச் வாசலில் கான்ஸ்டபிள் நிற்கிறான். ஷூவைக் கழற்றிய எலியாவின் கால்களில் பழைய கறுப்பு சாக்ஸ்.

"சாறே, கறுத்தது மாத்ரமே உள்ளோ?" என்று மலையாளத்தில் கேட்டான் கான்ஸ்டபிள்.

"இது மட்டுந்தான் உண்டு," என்றார் எலியா.

அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு ஆண்கள் முதலில் போனார்கள். பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிட்டார்கள், உள்ளங்கால்கள் சபையைப் பார்த்தபடி. பெண்கள் பக்கத்திலிருந்து ரத்னபாய் பார்த்தாள். எலியாவின் இடது குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. ஓட்டைக்குள் கிளிப்பச்சை.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முழங்காலிடும்போது ஓட்டையில் வெறுங்கால் தெரிந்தால் சபை சிரிக்கும் என்று, அடுப்பில் போட்டதாகச் சொன்ன பச்சையை அடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பாவி மனுஷன்! கோபத்தில் அழுகைதான் வந்தது. கான்ஸ்டபிள் உள்ளே வந்து, வரிசையின் கோடியிலிருந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

ரத்னபாய் எழுந்தாள்.

"எங்க போற? நம்ம முறை வரல்லியே," என்று பக்கத்திலிருந்த சரோஜம் கையைப் பிடித்திழுத்தாள். உதறிவிட்டு நேரே போனாள். கணவனுக்குப் பின்னால் முழங்காலிட்டு, முந்தானையை விரித்து அவர் பாதங்களை மூடினாள்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. கிண்ணத்தோடு வந்த போதகர் நின்றுவிட்டார். "பெண்ணுங்க பொறவாக்கும், ரத்னம்," என்றார் மெதுவாக. அவள் முந்தானையின் ஓரத்தை இன்னும் இழுத்துவிட்டாள்.

கான்ஸ்டபிளின் காலடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. சேலைக்கடியில் எலியாவின் குதிகால் கிடுகிடுவென்று நடுங்கியது. துணி அசைவது தெரிந்துவிடுமோ என்று, கையை உள்ளே விட்டு அந்த ஓட்டையை இறுகப் பொத்திக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்துக் காலடி அடுத்தவருக்கு நகர்ந்தது. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.